பதினாறு நாள் தாமதம்

பென்னலூரில் எங்கள் வீட்டு மாடியறையில், ஈழத்திலிருந்து அகதியாக வந்த பெண் ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். இருங்காட்டுக்கோட்டையில் மின்னணுச் சாதனங்கள் செய்யும் ஆலையில், இது நடந்தபோது, அவளுக்குப் பாகங்களைப் பொருத்தும் லைனில் வேலை. போரின் கடைசி மாதங்களில் பாய்ந்த ஷெல் குண்டின் துண்டொன்று அவளது இடுப்பெலும்பை ஒட்டி இன்னும் கிடக்கிறது. எடுக்காமல் விடுவதே நல்லது என்று இங்குள்ள மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

உதிரிபாகங்கள் திருடுபோகாமலிருக்க, ஆலை வாசலில் உலோகத்தைக் கண்டால் ஒலிக்கும் கருவி ஒன்று உண்டு. ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அவளுக்கு அது ஒலித்தது. காவலுக்கு நிற்கும் பெண்ணை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

“இன்னாமே, தெனம் மணியடிச்சிகினே வர்ற? கோயிலா இது? தூக்கிக் காட்டு.”

சிரித்தபடிதான் என்னிடம் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு முறையும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்ட வேண்டியிருந்தது அவளுக்கு. பக்கத்து வரிசை ஆண்களுடையது.

ஒருநாள் மருத்துவர் சீட்டும் எக்ஸ்ரேயுமாகக் கீழே வந்தாள்.

“அக்கா, கொம்பனிக்கு இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தருவீங்களே? கதவு பூட்டின அறைக்குள்ள சோதிக்கட்டும். அது போதும்.”

“நாளைக்குத் தரேம்மா,” என்றேன்.

அந்த நாட்களில், போர்க்காலத்தில் பெண்களுக்குள்ள மருத்துவ உரிமைகளைப் பற்றிய சட்டக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். காயமுற்றவர்களுக்குத் தாமதமின்றிச் சிகிச்சை தரப்பட வேண்டும், பெண்களைத் தனி மரியாதையோடு நடத்த வேண்டும் என்ற வரிகளுக்கு ஏற்ற தமிழைத் தேடி நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். கடிதத்துக்குத்தான் நேரம் இருக்கவில்லை. கையேட்டுக்காக அவளிடம் கேட்டுக் குறிப்பெடுக்க நேரம் இருந்தது. மருந்து தீர்ந்துபோன மருத்துவமனை, சேலையைக் கிழித்துப் போட்ட கட்டு, உள்ளே இரும்பை வைத்தே மூடிக்கொண்ட புண். எல்லாம் கடிதத்துக்காகத்தான் என்று எண்ணி அவள் பொறுமையாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மாலைகளில் படியேறும்போது என் ஜன்னலருகே மட்டும் ஒரு கணம் நிற்பாள்.

பதினேழாம் நாள் எழுதினேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மாடிக்கு எடுத்துச் சென்றேன்.

“நான் கன்டீனுக்கு மாறிட்டன் அக்கா. பாத்திரம் கழுவுறது. பின்வாசலால போறது, அங்க மணி இல்லை.”

ஈரத்தில் நெடுநேரம் நின்றால் அந்த இடுப்பு நோகும் என்பதும் என் குறிப்பில் இருந்தது.

“இதைக் காட்டிப் பழைய வேலையைக் கேட்கலாமே?”

“அங்க வேற ஆள் போட்டிட்டினம்.” கடிதத்தை வாங்கி, அகதி முகாம் அட்டையும் எக்ஸ்ரேயும் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாள். “இருக்கட்டும். கடதாசி எதையும் நான் எறியிறேல்லை.”

கையேடு அச்சாகி வந்தது. தமிழ் நன்றாக அமைந்திருப்பதாகச் சொன்னார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில், தமிழ்ப் பதிப்புக்கென்று நான் சேர்த்த பெயரில்லாத ஓர் எடுத்துக்காட்டாக, அவளுடைய புண் இருக்கிறது. அவளுக்கென்று ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்தேன். மாடிக்குப் பதினெட்டுப் படிகள்தான். அது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.