பதினோரு தூக்குகள்

சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தர்ம காரியம் செய்ய வேண்டுமென்றால் குறைந்தது ஏழு உறுப்பினர், விதிமுறைகளின் நகல், தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்குழு, ரப்பர் முத்திரை எல்லாம் வேண்டும் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்த சங்கங்களில் சில, ஒரு முதியவரின் கையில் அரிசிப் பையைக் கொடுத்து, அந்தப் பையை எட்டுப் பேர் சேர்ந்து பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வதோடு கடமையை முடித்துக்கொண்டன. நான் பார்த்தவற்றில் மிக ஒழுங்காக நடந்த தர்மத்துக்கு ரப்பர் முத்திரைகூடக் கிடையாது. ஒன்பது வயதில் அதைக் கிட்டத்தட்ட இழுத்து மூடப் பார்த்தவளும் நான்தான்.

அப்போது நாங்கள் பஹ்ரைனில், மனாமா கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா வேலை. சந்தில் பன்னிரண்டு கதவுகள். அவற்றில் நான்கைந்து யூதர்களுடையவை. தாத்தா காலத்தில் பாக்தாத்திலிருந்து வந்து, துணியும் பணமாற்றும் செய்து நன்றாக வாழ்ந்தவர்கள். பிள்ளைகள் லண்டன், அமெரிக்கா என்று போய்விட, போக மனமில்லாத வயதானவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். அவர்களில் சிலர் வீட்டில் அடுப்பெரிவதே சந்தேகம். ஆனால் வெளியே வரும்போது சட்டை கஞ்சி மொடமொடப்போடுதான் இருக்கும்.

பன்னிரண்டாவது கதவு இரண்டு சகோதரிகளுடையது. காலா என்றால் அரபியில் அம்மாவின் சகோதரி. அதனால் எங்களுக்கு அவர்கள் பெரிய காலா, சின்ன காலா. வெள்ளிக்கிழமை மாலை சூரியன் இறங்கினால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அடுப்பு மூட்ட மாட்டார்கள். அதற்கு முன், வெள்ளி காலையில், சந்தின் மற்ற பதினோரு வீட்டுக்கும் பதினோரு எனாமல் தூக்குகள் போகும். ஒவ்வொன்றிலும் ரொட்டி, பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட், சமோசா போல கொண்டைக்கடலை அடைத்த சம்பூசா, இரவெல்லாம் சூட்டில் கிடந்து பழுப்பேறிய ஆறு முட்டைகள், அடியில் துணியில் முடிந்த அரிசியும் பருப்பும். முட்டைகளை அப்பா எங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுவதாக நம்பிக்கொண்டிருந்தார்.

உண்மையில் உதவி தேவைப்பட்டவை மூன்று வீடுகள்தாம். அந்த மூன்று எவை என்று எவருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே மற்ற எட்டு. கேட்டால், "எங்கப்பா நேர்ந்துகிட்டது, பாபி. நாங்க நிறுத்த முடியாது" என்று அம்மாவிடம் அண்ணி முறை வைத்துப் பெரிய காலா சொல்வாள். பம்பாயில் சில காலம் இருந்தவள் அவள். அவளுடைய இந்தியும் அம்மாவுடைய இந்தியும் ஓட்டையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

வெறும் தூக்கைக் கழுவி ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்தால் போதும், சின்ன காலா வந்து எடுத்துக்கொள்வாள். இதுதான் நடைமுறை. எங்கள் வீட்டில் இது செல்லுபடியாகவில்லை.

"வாங்கித் தின்னுட்டு காலியா நீட்டறதுக்கு நாம என்ன சத்திரத்துலயா சாப்பிடறோம்?" என்றாள் அம்மா. ஒரு வாரம் முறுக்கு, ஒரு வாரம் தேங்காய் பர்பி, மறுவாரம் மறுபடி முறுக்கு. நிரம்பிய தூக்கை நான் சந்தின் நடுவில், எல்லாரும் பார்க்கும்படி, கோயில் குடம் போல ஏந்திக்கொண்டு போவேன்.

ஒரு ஞாயிறு, எதிர் வீட்டுப் பெரியவர் தம் தூக்கை வாசலில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பெரிய துணிக்கடைக்காரர். ஆகஸ்ட் வெயிலிலும் டை கட்டியிருப்பார். அவரை அம்மோ, அதாவது அரபியில் சித்தப்பா, என்று கூப்பிடுவோம். நான் நின்று, மூடியைத் திறந்து பார்த்தேன். காலி.

"அம்மோ, காலியா குடுக்கக் கூடாது" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

"அச்சா? யார் சொன்னது?"

"அம்மா. காலியா குடுக்கறவங்க..." சத்திரத்துக்கு இந்தியில் என்ன என்று தெரியவில்லை. எளிமைப்படுத்தி, "பிகாரி லோக்" என்றேன். பிச்சைக்காரர்கள்.

அவர் மூடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "நீயே கொண்டுபோய்க் கொடு" என்று என் இன்னொரு கையில் தந்தார். இரண்டு தூக்குகளோடு நான் நடந்த நடையை அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தபோதுகூட நடக்கவில்லை.

காலாக்களின் சமையலறையில் சின்ன காலா அவருடைய தூக்கைத் திறந்தாள். உள்ளே நீலப் பட்டு, நான்கைந்து கஜம், கடையில் மடித்த மடிப்புக் கலையாமல். சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன் பெருமையாக.

பெரிய காலா பட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அம்மோ கதவைத் திறந்ததும் அவள் அரபியில் பேசினாள். சந்தில் விளையாடும் எனக்கு அது புரியும்.

"பொண்ணுக்கு அனுப்ப எடுத்து வெச்ச துணி போல. தவறிப்போய் எங்க தூக்குல வந்துடுச்சு."

அவர் கை நீண்டது. பட்டின் நுனியைத் தொட்டும் விட்டது.

"தவறி இல்ல காலா!" என்றேன் பின்னாலிருந்து. "வேணும்னுதான் வெச்சார். நான்தானே சொன்னேன்!"

கை திரும்பிப் போயிற்று. "ஆமாம், அது உங்களுக்குத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வாசலில் காலாக்கள் வைத்த தூக்கு மதியம்வரை அப்படியே இருந்தது. சின்ன காலா தட்டினாள். "வயிறு சரியில்லை, வேண்டாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் அதே வயிறு. நடுவில் ஒருநாள் அவர் கடைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். டை மட்டும் நேராக இருந்தது. "அந்த மனுஷன் வெறும் டீயிலயே ஓட்டறார் போலிருக்கு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். "எதிர் வீட்டு விவகாரம் நமக்கெதுக்கு?" என்றார் அப்பா. அவரிடம் திரும்ப வைக்கப் பொருள் ஏதும் மிச்சமில்லை, அதனால் வாங்க மறுக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. வயிறு சரியில்லை என்றால் வயிறு சரியில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை தூக்குகளே வரவில்லை. மளிகைக் கடையின் பழுப்புக் காகிதப் பைகள் வந்தன. பதினோரு பைகளையும் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு பெரிய காலா சந்தின் நடுவில், அம்மோவின் கதவுக்கு நேரே நின்றாள். எங்கள் ஜன்னலைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! இனிமே தூக்கு மாஃபி! கிடையாது! ஏன்னு இந்த பாபியைக் கேளுங்க. வாரா வாரம் முறுக்கு அனுப்பி, பாருங்க, என் இடுப்பைப் பாருங்க! இந்த ஊர்ல எந்தத் தையல்காரனும் இதுக்கு மேல துணி பிரிச்சுவிட மாட்டேன்னுட்டான். யாராவது எதையாவது திருப்பி அனுப்பினா பூனைக்குப் போட்டுடுவேன். கலாஸ்! முடிஞ்சுது!"

கதவுகள் திறந்தன. சிரித்தார்கள். அம்மா ஜன்னலில் நின்றாள். அவள் முகம் முதலில் சிவந்தது. பிறகு அவள் பார்வை பெரிய காலாவைத் தாண்டி, எதிரே ஒரு விரற்கடை திறந்திருந்த கதவுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"அச்சா, அச்சா! தப்பு என்னுதுதான்!" என்று அம்மாவும் கத்தினாள். எங்கள் வீட்டில் ஒருவரும் அவள் வாயால் கேட்டறியாத வாக்கியம் அது. "இனிமே மாஃபி முறுக்கு!"

சந்து முழுக்கச் சிரித்தது. எதிர்க் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. டை கட்டிய அம்மோ வெளியே வந்து, "பாவம், அந்தம்மாவை விட்டுவிடுங்கள்" என்று எங்களுக்காகப் பரிந்து பேசினார். பேசிக்கொண்டே, வண்டியிலிருந்து பெரிய காலா நீட்டிய பையை, மற்றவர்கள் வாங்கியது போலவே வாங்கிக்கொண்டார்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. அத்தனை முறுக்கையும் சாப்பிட்டுவிட்டு, நடுச்சந்தில் அம்மாவை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டார்கள். காலாக்களோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்து, ஒரு மாதம் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். எங்கள் பையிலிருந்த பிஸ்கட்டையும் தொடவில்லை. அம்மா அதை டீயில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

"ரோஷமே இல்லையாம்மா உனக்கு?" என்று கேட்டேன்.

"இல்லைடி" என்றாள், அடுத்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

அன்று முழுக்க அவளுக்காக நான் அழுதேன்.