இரட்டைப் பின்னல்

இப்படியான கதைகளை யாராவது தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணி போடப் போகிற ஆள் நான். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம், நடந்ததைச் சொல்கிறேன்.

மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வேலை. அப்படி ஒரு ஞாயிறு, எட்டு வயது மகள் ஆரணிக்கு எண்ணெய் வைத்து ஒற்றைப் பின்னலாக இழுத்துப் பின்னிவிட்டது நான்தான். பிறகு நாங்கள் இருக்கும் தகனினியிலிருந்து மோட்டர்வேயில் ஏறி, அந்தக் காலத்தில் ஓர் இங்கிலாந்துக்காரர் தன் ஊர் மாளிகை மாதிரியே ஆக்லாந்தில் கட்டி, இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிற வீட்டைப் பார்க்கப் போனோம். பட்டப்பகல், நல்ல வெயில், தோட்டத்தில் ஆட்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பயப்பட ஒன்றுமே இல்லை.

கீழே சாப்பாட்டறையில் பழைய பீங்கான்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணவில்லை. பெயரைக் கூப்பிட்டபடி மாடிக்கு ஓடினேன். குழந்தைகள் அறை வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அதற்கு உள்ளே, கண்ணாடிக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தலையில் இரட்டைப் பின்னல். நேர் வகிடு, ஒரு முடி பிசகவில்லை. ஒன்றின் நுனியில் நான் போட்ட ரப்பர் பாண்ட், மற்றதில் பழுப்பேறிய ரிப்பன். ஒற்றைப் பின்னலுக்கே நான் மல்லுக்கட்டுகிறவன், இவளோ என் கண்ணை விட்டு மறைந்தது கொஞ்ச நேரம்தான். தொட்டுப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கே இல்லை.

"உனக்கு ஆர் பின்னிவிட்டது?"

"அந்த லேடி. நீங்கள் டூ ஹார்ட்டா இழுக்கிறீங்களாம், அப்பா."

வாசலில் டிக்கெட் கொடுக்கும் வெள்ளைக்கார அம்மாவிடம் கேட்டேன். மாடியில் தங்கள் ஆட்கள் யாருமே இல்லை என்றார். "இருந்தால் என் தலையையும் ஒருக்கால் சீவிவிடச் சொல்லுங்கள்," என்று சிரித்தார். ரிப்பனை அவிழ்த்து அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

"ஓம், பிள்ளை தானே பின்னியிருப்பாள், சும்மா பயந்து சாகாதேங்கோ," என்றாள் வேலை முடிந்து வந்த மனைவி.

அதற்குப் பிறகு ஆரணி தலையைத் தொட என்னை விடுவதில்லை. பள்ளி நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், இரட்டைப் பின்னலோடு வெளியே வருகிறாள். ஒரு வேலை மிச்சம் என்று மனைவிக்குச் சந்தோஷம்.

போன கிழமை மூன்று நூல்களைக் கையில் கொடுத்து, "எனக்கும் பின்னிக் காட்டம்மா," என்றேன். அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"எனக்குப் பின்னத் தெரியாதே, அப்பா."

இன்றைக்குக் காலையிலும் அவள் அறைக் கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றேன். திறக்கவில்லை.