காற்றுக்குத் தனி ரேட்டு

"அந்த மாதிரி ஏதாவது ஒண்ணு ஆயிடுத்துன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொள்வார் மகாதேவன். வலது கை லேசாக மேலே போகும், விரல்கள் விரியும். அவ்வளவுதான். தீ என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வீடு எரிவதைப் பற்றிப் பேசுவது அவருக்கு ஒவ்வாது. தீப்பிடிப்பதை 'அந்த விஷயம்' என்பார். நஷ்டஈட்டை 'அப்புறம் வர்றது' என்பார். கைக்குழந்தை இருக்கிற வீடானால் அதையும் சொல்லமாட்டார். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிவிடுவார். வீடுகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் பிடித்துக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில்.

ஒல்லியான உடம்பு. பஞ்சகச்சம், கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு, கறுப்புத் தொப்பி. தமிழிலும் மலையாளத்திலும் பம்பாய் இந்தியிலும் சரளமாகப் பேசுவார். எதில் பேசினாலும் முடிவில் 'பக்கா' என்று ஒரு முத்திரை விழும். பாலிசி பக்கா, கம்பெனி பக்கா, இன்றைக்கு மழை வராது, அதுவும் பக்கா. மாட்டுங்காவில் இரண்டு அறை வாடகை வீடு. சொந்த வீடு கட்டும் எண்ணமே இருந்ததில்லை. "பம்பாய்ல இருக்கற வீட்டையெல்லாம் இவர் காப்பாத்தறார். எங்களுக்குக் காப்பாத்திக்க ஒரு ஓடு கிடையாது" என்று மனைவி பாகீரதி வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

யுத்தம் முடிந்த கையோடு, மாட்டுங்காவில் இடம் போதாத தமிழர்கள் செம்பூர்ப் பக்கம் மனை வாங்க ஆரம்பித்தார்கள். பிராவிடண்ட் பண்டு கொஞ்சம், வீடு கட்டும் சங்கத்தில் கடன் மீதி. மங்களூர் ஓடு போட்டுச் சின்னச் சின்ன வீடுகள் எழும்பின. கடன் தீரும்வரை வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். மகாதேவனுக்கு நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் குர்லாவில் வண்டி மாறிச் செம்பூரில் இறங்குவார். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் ஒரு சொந்தக்காரர் மாதிரி. சாந்து காய்ந்ததா, கிணற்றில் தண்ணீர் எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் காரியத்துக்கு வருவார்.

அப்படித்தான் வேங்கடசுப்ரமணியன் வீட்டுக்கும் போனார். ரயில்வே கணக்கு ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர் என்பதால் இவருக்கு அண்ணா. அவர் மனைவி வாலாம்பாள், மன்னி. காகிதங்களை விரித்தபோது வாலாம்பாள் சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள்: "காத்துக்கு உண்டோ இதுல?"

அவள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவள். காற்று ஒரு கூரையை என்ன பாடு படுத்தும் என்று தெரியும்.

புயலுக்கும் பெருங்காற்றுக்கும் தனியாகச் சேர்த்து எழுதலாம். ஆனால் அதற்கு ப்ரீமியம் இன்னும் பாதி ஏறும். அதை எடுத்துச் சொல்லவேண்டுமென்றால் கூரை பறப்பதையும் சுவர் சாய்வதையும் சொல்ல வேண்டும். புது வீட்டில் வைத்து அதைப் பேச அவருக்கு வாய் வரவில்லை. தவிர, அவர் நிஜமாகவே நம்பினார். "பம்பாய்ல மழை கொட்டும் மன்னி, காத்து எங்கே? அதெல்லாம் காத்தடிக்கிற மசூலிப்பட்டணத்துக்காரன் கட்டவேண்டிய காசு. அண்ணா பென்ஷன்ல எதுக்கு வீணா?" என்றார். காற்றைச் சேர்த்திருந்தால் அவர் கமிஷனும் கூடியிருக்கும். அதையும் விட்டுக்கொடுத்துத்தான் சொன்னார். வேங்கடசுப்ரமணியனுக்கு மிச்சமானதில் சந்தோஷம். செம்பூரில் மகாதேவன் பிடித்த மற்ற வீடுகளிலும் இதே பேச்சுத்தான், இதே மிச்சந்தான்.

நாற்பத்தெட்டு நவம்பரில் புயல் வந்தது.

மறுநாள் காலை ரயில் ஓடவில்லை. மகாதேவன் மாட்டுங்காவிலிருந்து நடந்தே கிளம்பினார். தாராவி ஓரமாகப் போகும்போது, கூரை போன குடிசைக்காரர்கள் சகதியில் தகரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. செம்பூரில் எதிர்பார்த்தார்கள்.

வேங்கடசுப்ரமணியன் வீட்டு முற்றம் முழுக்க உடைந்த ஓடு. மேலே சட்டங்கள் மட்டும் விலா எலும்புபோல நின்றன. நனைந்த அரிசியைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள் வாலாம்பாள். இவரைக் கண்டதும் கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா? இவ அழுதுண்டிருக்கா. மகாதேவன் இருக்கான், எதுக்கு அழறேன்னு இப்பத்தான் சொல்லிண்டிருந்தேன்."

வாலாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. மறுபடி அரிசியைக் கிளறினாள்.

"பாப்போம் அண்ணா" என்றார் மகாதேவன். பக்கா என்று அவர் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் பல நாள் நடந்தார். விதிக்கு வெளியே, தர்மமாகவாவது ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். புயலுக்குத் தனி ரேட்டு உண்டு என்று வாடிக்கைக்காரர்களிடம் சொன்னீர்களா என்று மானேஜர் கேட்டார். சொன்னேன், வேண்டாமென்றும் நானே சொன்னேன் என்றார் மகாதேவன். மானேஜர் நல்லவர்தான், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதற்குமேல் அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

பணம் வராது என்பது தபாலில் தெரியட்டும் என்று மகாதேவன் விட்டிருக்கலாம். விடவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய்த் தானே சொன்னார். யாரும் கத்தவில்லை. ஒருவர் கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இன்னொருவர் பேச்சை மாற்றி, ரேஷன் சர்க்கரையைப் பற்றிப் பேசினார். வேங்கடசுப்ரமணியன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"தீப்பிடிச்சிருந்தா கொடுத்திருப்பாளோ?"

"கொடுத்திருப்பா."

"அப்போ எரிஞ்சே போயிருக்கலாம்."

மகாதேவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். கிழவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து, "திட்டினாத் தேவலை" என்றார் பாகீரதியிடம்.

பின்பக்கத்து அறை ஒன்றை, கராச்சியிலிருந்து அகதியாக வந்த சிந்திக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, அவர்கள் கொடுத்த முன்பணத்தில் வேங்கடசுப்ரமணியன் கூரையைப் போட்டார். ஓடு கறுப்பு மார்க்கெட்டில் விற்ற சமயம். தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலித் தச்சர் அய்யாத்துரை சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "மரமெல்லாம் தண்ணி குடிச்சிருக்கு சாமி. பழசும் புதுசும் கலந்து போட்டுத் தாரேன். இன்னொரு காத்துக்கு நிக்கும்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டே வேலையை எடுத்தார். கூரை ஏறியது. கிழவர் இறங்கிவிட்டார். முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர், சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்திருக்கிறார். டாக்டர் வந்து பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருஷம் கம்பெனி ரேட்டை மாற்றிவிட்டது. செம்பூரும் ட்ராம்பேயும் கடற்கழியை ஒட்டிய பகுதி என்று, புயலைச் சேர்க்காமல் பாலிசியே கிடையாது என்றார்கள். ப்ரீமியம் இரண்டு மடங்குக்கும் மேல். வீடு கட்டும் சங்கமும் விழித்துக்கொண்டது. புயல் சேராத பாலிசியை ஏற்கமாட்டோம், இல்லையென்றால் கடனை மொத்தமாகக் கட்டிவிடுங்கள் என்றது. புயலுக்கு முன்னால் சேர்த்திருந்தால் சொற்பமாகப் போயிருக்கும் ஒன்றை, புயலுக்குப் பின்னால் இந்த விலைக்கு, அதே வீடுகளில், அதே மகாதேவன்தான் போய் விற்க வேண்டும். இந்த வயதில் வேறு தொழில் தெரியாது. வேறு பேட்டை கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். செம்பூர் ஜனங்கள் உங்களைத்தான் அறிவார்கள் என்றார் மானேஜர்.

போகிறார். எதிரே வருகிற சிலர் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வீட்டில் வேறு ஏஜெண்டைப் பார்த்துக்கொண்டாயிற்று என்றார்கள். இன்னொரு வீட்டை ஏற்கனவே விற்றுவிட்டார்கள். வேங்கடசுப்ரமணியன் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

வாலாம்பாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கிழவர் கட்டிலில் திரும்பவில்லை. பின்பக்கம் சிந்திக் குழந்தைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தன. மகாதேவன் புது ரேட்டைச் சொன்னார். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. ஓடு பறந்தால், சுவர் விழுந்தால், மழை உள்ளே வந்தால் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே சொன்னார்.

"எழுதிடுங்கோ" என்றாள் வாலாம்பாள்.

"எப்படி மன்னி கட்டுவேள்?"

"இந்த ரூமையும் அவாளுக்கே விட்டுடறோம். அந்த அம்மா கேட்டுண்டிருக்கா, தங்கை குடும்பம் வரதாம். எங்க ரெண்டு பேருக்கும் சமையக்கட்டு போரும்." கட்டில் பக்கம் பார்த்தாள். "இனிமே காத்தடிச்சா ஓடு அவா தலைமேலதான் விழும். பணம் நமக்கு வரும். வேடிக்கையா இல்லையோ?"

அவள் சிரிக்கவில்லை. மகாதேவன் எழுதினார். அவள் கணவரின் தோளைத் தொட்டு எழுப்பி, பேனாவை அவர் விரலில் வைத்துப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மகாதேவன் காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவர்களைப் போன்ற குடும்பங்களில், உறவாக வந்தவர் குடித்த டம்ளரை வீட்டுக்காரிதான் எடுப்பாள். முன்பின் தெரியாத வெளியாள்தான் தன் டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான். மகாதேவன் டம்ளரையும் டவராவையும் எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போனார். கோட்டுக் கையை மடித்துக்கொண்டு, குனிந்து, நிதானமாகக் கழுவினார். இரண்டையும் துவைக்கிற கல்லின்மேல் கவிழ்த்து வைத்தார். வாலாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'வையுங்கோ, நான் பாத்துக்கறேன்' என்று அவள் சொல்லவில்லை.