மிஞ்சிய வசவு

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. கண்ணாடி அறைக்குள் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் இல்லை. வண்டி தாமதம் என்பதைக்கூட யாருக்கும் எரிச்சல் வராதபடி சொல்லிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். மாமனார் எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறவர். "சரிங்க மாமா" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

ஒரு மழை நாளில் நிலையத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். தலையின் இடப்பக்கம் கல் விளிம்பில் மோதியது. மண்டையைத் திறந்து, கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். கண் விழித்தபோது எல்லாரையும் அடையாளம் தெரிந்தது, பேசுவதும் புரிந்தது. கணவன் குனிந்து, "வலிக்குதா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"போடா நாயே" என்று வந்தது.

அவன் சிரித்துவிட்டான், ஆள் பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில். ஆனால் அடுத்த கேள்விக்கும் அதுதான் வந்தது. மருத்துவருக்கு அது, செவிலிக்கு அது, பழத்தோடு பார்க்க வந்த நிலைய மேலாளருக்கும் அதுவே. அவர் பையை மேசைமேல் வைத்துவிட்டு வந்த கையோடு கிளம்பிவிட்டார். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தாள். வலது கை எழவில்லை. இடது கைக்குப் பாதிப் போர்வைதான் வந்தது. எழுதிக் காட்டலாமென்றால் எழுத்தும் கலைந்து போயிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மாமனார் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கோபமாக இல்லை. "இத்தனை வருஷமா என்னை மனசுக்குள்ள இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தியாம்மா?" என்று கேட்டார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திறந்தால் என்ன வரும் என்று தெரியும். அதைவிட, அவர் கேட்டது முழுப் பொய்யும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் உடம்பைக் கூச வைத்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் அவளைவிட இளையவள். "பேசற வேலைய மூளையோட இடது பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சுக்கா. அடி பட்டது அங்கதான். திட்டு, பாட்டு எல்லாம் கொஞ்சம் வேற வழியா வர்றது. அந்த வழியில மத்த பேச்சையும் கூட்டிட்டு வரப் பாப்போம்" என்றாள். பிறகு அவளுடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வைத்து, ஏற்றமும் இறக்கமுமாக இழுத்துப் பாடினாள்: "தண்ணி வே...ணும்." பல நாள் தட்டியபின் மைக்கம்மாவின் தொண்டையிலிருந்தும் அது வந்தது. பாட்டாக வந்தது. ராகத்தை விட்டால் பழைய வசவு.

வந்ததற்கு மகிழத்தான் வேண்டும். ஆனால் வளர்ந்த மகள் இருக்கிற வீட்டில், மாமனார் எதிரில், தண்ணீர் வேண்டும் என்று தொடையைத் தட்டிக்கொண்டு பாட அவளுக்கு மனம் வரவில்லை. நாக்கு வறண்டு போனாலும் பேசாமல் இருந்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் பழகினாள். மகள் தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னபோது, "அப்பா மட்டும் வந்தா போதும்மா" என்றாள், செருப்பைப் பார்த்தபடி. மைக்கம்மா தலையாட்டினாள். அன்று குழாய் நெடுநேரம் ஓடியது.

பழகிய வரிகளில் ஒன்றை முதலில் மாமனாரிடம்தான் கொண்டு போனாள். அவர் எதிரே நின்று, தட்டித் தட்டி, "மன்னிச்சிடுங்க மாமா" என்று பாடி முடித்தாள். காது மடல் வரை சுட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டதுக்குத்தான் பதில் வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பதிலை அவர் அப்புறம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பயிற்சிக்குத் தனியாகப் போகத் தொடங்கிய அன்று, பேருந்தில் கூட்டம். "எங்கம்மா?" என்றார் நடத்துனர். சாதாரணமாகச் சொல்லிவிடலாம் என்று முயன்றாள். பாதி வசவு உதடு வரை வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். "சீக்கிரம் சொல்லும்மா" என்றார். கம்பியை விரலால் தட்டி, "பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு" என்று பாடினாள்.

பின் இருக்கையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடத்துனர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அந்தப் பார்வைகளுக்கு நடுவே நிற்க முடியாமல், இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி மிச்ச தூரத்தை நடந்தாள்.

"ஏன்க்கா வேர்த்து விறுவிறுத்து வர்றீங்க?" என்றாள் பயிற்சிப் பெண்.

அவள் சீட்டை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வருஷம் ஒன்று போனபின் சின்ன வாக்கியங்களுக்கு ராகம் தேவைப்படவில்லை. நீளமானவை இன்னும் இழுத்துத்தான் வருகின்றன. பேருந்தில் சீட்டு வாங்கும்போது இப்போதும் முகம் சுடுகிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில்தான் இறங்குகிறாள்.