அசையாத மூலை

தங்கமணி கேரி தீவின் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தபின், தேங்காய்ப்பால் பவுடர் தயாரிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே டிரையர் அவள் பொறுப்பு. ஈரப்பதம் போகாத தூள் நீண்ட இரும்புப் பெட்டிக்குள் விழும். அடியிலுள்ள துளைத் தகட்டின் வழியே சுடுகாற்று பீறிட்டு மேலே வரும். தூள் மிதந்து, பால் கொதிப்பதுபோலத் தளும்பியபடி காய்ந்து நகரும். கண்ணாடிச் சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கும்.

நோன்புப் பெருநாள் நெருங்க, ஆர்டர் குவிந்தது. டிரையரைக் கழுவும் வேலையைத் தள்ளிப் போட்டான் சூப்பர்வைசர் ஜாவித். அவளும் மறுக்கவில்லை.

ஒரு பிற்பகல், மற்ற இடமெல்லாம் தளும்ப, ஒரு மூலையில் மட்டும் தூள் அசையாமல் படுத்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பேறியது. வறுத்த தேங்காயின் வாசம் வந்தது. பசியைக் கிளப்பும் நல்ல வாசம். அவள் சன்னலை விட்டு நகராமல் ஜாவித்தைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வந்து பாருங்க. கட்டி பிடிச்சிருக்கு. நிறுத்திரட்டா?"

"இந்த பேட்ச் முடியட்டும்லா அக்கா."

"உள்ள கனல் இருந்தா?"

ஜாவித் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. "நிறுத்துங்க."

பொத்தானை அழுத்தினாள். காற்று நின்றது. தூள் மொத்தமும் பொத்தென்று அடியில் படிந்தது. ஜாவித் பக்கக் கதவின் கொக்கியில் கை வைத்தான்.

"தொறக்காதீங்க தம்பி! காத்து பட்டா பத்திக்கும். ஆறட்டும்."

"கட்டிய எடுத்துட்டா சரியாயிரும். நீங்க தள்ளி நில்லுங்க."

கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவள் தள்ளி நின்றாள்.

கதவு திறந்ததும் உள்ளே கட்டி சரிந்து, தூள் புகையாய்க் கிளம்பியது. மறுகணம் எல்லாம் மஞ்சளாயிற்று. சத்தம் பிறகுதான் வந்தது. தங்கமணி சாக்கு மூட்டைகளின் மேல் போய் விழுந்தாள். ஜாவித் கைகளை முகத்துக்கு நேரே நீட்டியபடி, கத்தாமல் நின்றுகொண்டிருந்தான்.

அவன் பிழைத்தான். விரல்கள் மட்டும் மடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி அனம் கேட்டாள்: "தொறக்க வேணாம்னு சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்மா."

"அப்புறம்?"



இப்போது அவள் பாக்கிங்கில் இருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் புது டிரையர் இரைகிறது. இரைச்சல் திடீரென்று நின்றால், பக்கத்தில் இருப்பவர்களின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போகிறாள். முதலில் சிரித்தார்கள். இப்போது அவள் எழுந்ததுமே எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள்.