ரொட்டிக்கடைக்காரர் சொன்ன பொய்

பத்தாவது படிக்கும் மகளுக்கு, ஒரு ஜெர்மன் படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். போன ஞாயிறு மதியம் இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் வீட்டில் நானும் கூட உட்கார்ந்தேன். உலகப்போர் காலத்துப் படம் என்றதும் பீரங்கிகளை எதிர்பார்த்தேன். வந்ததோ ஒரு ரொட்டிக்கடை. பல வருடமாக வரும் யூதப் பெரியவரிடம் கடைக்காரர், ரொட்டி தீர்ந்துவிட்டது என்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய ரொட்டி. பெரியவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.

மகள் படத்தை நிறுத்தினாள். "ஹி இஸ் நாட் ஈவன் எ பேட் கை, அப்பா. ஜஸ்ட் எ கவர்ட்."

கோழை. சரியான வார்த்தைதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கும் குறுகுறுத்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் நாலு பேர் என் காரில் குபெர்டினோவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். காரில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அவர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். ஊரில் ஏதோ கலவரச் செய்தி வந்த வாரம், இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் வந்தா நாங்க ரெண்டு பேரும் வரல" என்றார். கார் என்னுடையது. அப்படியென்றால் நீ வராதே என்று சொல்லியிருக்கலாம். நான் மகா உத்தமன், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டேன். அன்று மாலையே அந்தத் திருநெல்வேலிக்காரருக்கு போன் செய்தேன்.

"அடுத்த வாரத்துல இருந்து ஆபீஸ் டைமிங் மாறுது பாய். கார்பூல் கஷ்டம்."

"அதனால என்னண்ணே, நான் டிரைவ் பண்ணிக்கிறேன்."

எந்த டைமிங்கும் மாறவில்லை. அதற்குப் பிறகு அவரோடு பேசவும் எனக்கு முகமில்லை.

மகளை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். சுற்றி வளைக்காமல், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன்.



"தெரியும்ணே. அந்தத் திங்கக்கிழமையே ஃப்ரீவே டிராஃபிக்ல உங்க கார் பக்கத்துலதான் நின்னேன். அதே டைம், மூணு பேரும் இருந்தீங்க."

"ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமே பாய்?"

"என்னப் பாத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்லண்ணே. அதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."