மஞ்சள் பட்ட நாற்காலி

ஆயுத பூஜையன்று எங்கள் பட்டறையில் பொட்டு வாங்காத பொருளே கிடையாது. ரம்பம், இழைப்புளி, ஸ்கூட்டர், கம்ப்யூட்டர், சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டர் வரைக்கும் மஞ்சளைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துவிடுவோம். புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நாற்காலிப் பட்டறைக்கு நகரியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதும், அவர்கள் அனுப்பும் மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருப்பதும் என் வேலை. அப்போது என் பொறுப்பில் டென்மார்க்கிலிருந்து வந்த ஓக் மர நாற்காலி ஒன்று இருந்தது. அதன் வலது கைப்பிடியிலும் மூன்று பொட்டு வைத்தேன். பக்தியோடுதான் வைத்தேன், அதுதான் கொடுமை.

அதை வடிவமைத்தவர் உயிரோடு இல்லை. அவருடைய மகள்தான், அதைப் பார்த்து நாங்கள் புதிதாகச் செய்யட்டும் என்று தன் வீட்டு நாற்காலியையே அனுப்பியிருந்தார். வயதான அம்மாள். வீடியோவில் அப்பாவைப் பற்றி ஆசையாகச் சொன்னார். மீன்பிடிக்கிற குடும்பம், சின்ன வயதிலேயே தச்சு வேலை, பிறகு நகரத்துக்குப் போய் ஆயுள் முழுக்க நாற்காலி வரைந்திருக்கிறார். ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பமாட்டாராம். மனைவியை உட்காரவைத்துக் கையில் பீட்ரூட்டும் கத்தியும் கொடுத்து, முழங்கை எங்கே இடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கைப்பிடியைத் தேய்ப்பாராம். "அந்தக் கைப்பிடியில் மெஷின் பட்டதே இல்லை. அப்பாவின் கை மட்டும்தான்" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன்.

பூஜைக்கு மறுநாள் துடைத்தேன். குங்குமம் போனது, மஞ்சள் போகவில்லை. இந்த மரத்துக்குப் பாலிஷ் கிடையாது, சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும் என்று கூட வந்த காகிதத்தில் போட்டிருந்தது. சோப்பைக் கரைத்துத் தேய்த்தேன். கண்ணெதிரில் மூன்று பொட்டும் ரத்தமாகச் சிவந்தன. வாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

சத்தம் கேட்டு மேஸ்திரி ஓடிவந்தார். "இன்னாம்மா இது! மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும்னு தெரியாதா உனக்கு? தாவணி தோச்சதே இல்லியா?"

தெரியும். எத்தனையோ முறை துவைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ!

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் மேஸ்திரி. அது அவங்க நைனா கையால தேச்சது."

"அப்போ மாடியில வெயில்ல வையி. வெயிலுக்கு மஞ்சள் நிக்காது."

அந்த அம்மாள் நான்கு நாளில் நேரில் வருவதாக இருந்தது. மூன்று நாள் வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டு மொட்டை மாடியிலேயே கிடந்தேன். மேஸ்திரி சொன்னது பலித்தது. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சளும் வெளுத்து, மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கே இடம் தெரியவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

வந்தவர் கைப்பிடியைத் தடவிச் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, பின்னால் சாய்ந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி முதுகோடு சேரும் இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. எழுந்து நின்றுவிட்டார், முகம் வெளிறிப்போயிருந்தது. "எங்கள் வீட்டில் இது ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை" என்றார்.

வெயிலில் காய்ந்து மூட்டில் பசை விட்டுப்போயிருக்கிறது என்று மேஸ்திரி என் காதில் சொன்னார். பொட்டு, சோப்பு, வெயில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, அதே கைப்பிடியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். விரல் பிடித்த இடத்தில் மங்கலாக நாலு ஊதாக் கறை.

"அம்மாவின் பீட்ரூட்" என்றார். "அப்பா இதை எடுக்கவிட்டதே இல்லை. கறைக்காகவா வெயிலில் வைத்தாய்?"

அவர் திருப்பதி ஓட்டலில் தங்கியிருந்த இரண்டு நாளில் மேஸ்திரி அந்த மூட்டில் பசை போட்டு இறுக்கினார். மரப்பெட்டியில் வைப்பதற்கு முன் அந்த அம்மாள் என்னை அதில் உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றேன், விடவில்லை. உட்கார்ந்தேன். சத்தம் வரவில்லை. முழங்கை தானாகவே போய்ச் சரியான இடத்தில் படிந்தது, நான் பொட்டு வைத்த இடத்தில்.